சுகர் இல்லாதவன் கீட்டோ இருந்து பார்த்தது

சோறு, இட்லி போன்ற மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை முக்கிய உணவாக்குவது கீட்டோ. அதை எடுக்கிறேன் என்று வெளியே சொன்னால் முதலில் வரும் கேள்வி, "உங்களுக்கு சுகரா?" இல்லை என்றதும் அடுத்தது, "அப்புறம் எதுக்குங்க இந்த வேலை?" அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். சுகர் உள்ளவர் ஓர் உணவுமுறை வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம். எண் இறங்கியதா, மாத்திரை குறைந்ததா, அவ்வளவுதான். என் போன்றவனுக்கு இறங்க வேண்டிய எண் எதுவும் கிடையாது. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், எடை மெஷினில் இரண்டு கிலோ குறைந்த சந்தோஷத்திலேயே எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று மனசு சொல்லிவிடும்.

என் நிலவரம் இது. வயது 41, உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. 23.7. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடைக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதால் கோட்டை லேசாகத் தாண்டி நின்றேன். இடுப்புச் சுற்று 88. ஆண்களுக்கு 90 எல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 92, மூன்று மாத சராசரியைக் காட்டும் ஏ1சி 5.4. மொத்தக் கொலஸ்ட்ரால் 182, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 42, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 138, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 112. பி.பி. சரியாக இருந்தது. மாத்திரை எதுவும் கிடையாது. அப்பாவுக்கு 58 வயதில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ரிப்போர்ட்டில் வராத இந்த விஷயத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பார்க்க நினைத்தவை மூன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸில் மூன்று மணிக்குக் கண்ணைச் சொக்குவது நிற்குமா? இடுப்பு குறையுமா? ஞாயிறு காலையில் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு சைக்கிள் மிதிக்கிற பழக்கம் உண்டு. அந்தப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளும் லேசாகுமா, கனமாகுமா? இவற்றோடு ஒரு கோடும் போட்டேன். எல்.டி.எல். 160-ஐத் தாண்டினால் எண்ணெயை மாற்றுவது, மாற்றியும் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வராவிட்டால் நிறுத்துவது. எங்கள் குடும்ப டாக்டரிடம் இதைக் காட்டியபோது, "கோடு போட்டுட்டு வந்தீங்க பாருங்க, அது போதும்" என்றார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரிக் ஆசிட், தைராய்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார்.

இந்த உணவுமுறையே வைத்தியமாகப் பிறந்தது. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக இதை முன்வைத்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது முன்பே தெரிந்த விஷயம். சாப்பிட்டுக்கொண்டே உடம்பைப் பட்டினி நிலையில் வைக்க முடியுமா என்பது அவர் யோசனை. 1938-இல் ஃபெனிடாயின் மருந்து வந்த பிறகு இது ஓரம்போனது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். கிராம் கணக்குப் போட்டு, அடிக்கடி ரத்தம் பார்த்து, உணவியல் நிபுணரை வைத்துக்கொண்டு. நம் ஊரில் பேலியோ என்ற பெயரில் கீட்டோவுக்குப் பக்கத்து வீட்டு முறை ஒன்று பரவலாகிப் பல வருஷம் ஆகிறது. அதில் நல்ல பலன் பார்த்தவர்கள் பெரும்பாலும் சுகரோ பெருத்த உடம்போ இருந்தவர்கள். அவர்களுடைய அனுபவத்தை அப்படியே என் உடம்பில் ஒட்ட முடியாது.

கணக்கு இப்படி வைத்தேன். நார்ச்சத்தைக் கழித்த மாவுச்சத்து நாளைக்கு 30 கிராமுக்குள். புரதம் 95 கிராம் சுமார். மீதி வயிற்றுக்குக் கொழுப்பு. அது 150 கிராமை ஒட்டி வந்தது. இந்த 30 கிராம் எவ்வளவு சின்னது என்பது தராசை வாங்கி வைத்த அன்றைக்குத்தான் உறைத்தது. நூறு மில்லி பாலில் 5 கிராம் சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. அதில் இரண்டு ஸ்பூன் சீனி போட்டால் இன்னொரு 8, 10. அப்படி மூன்று டீ குடித்தால், சாப்பாட்டில் கை வைக்காமலேயே அன்றைய கணக்கு முடிந்து கடனும் ஆகிவிடும். மதியம் வழக்கமாக நான் சாப்பிடும் சோற்றை அரிசியாக நிறுத்தேன்: 150 கிராம். அதில் மாவுச்சத்து 115 கிராமுக்கு மேல். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு சொல்கிறது. என் வீட்டுக் கணக்கு அதற்குக் குறையாது.

சமையல் எங்கள் வீட்டில் காலையில் என் வேலை, ராத்திரி மனைவி வேலை. அதனால் இதை யார் தலையிலும் கட்டாமல் நானே செய்ய முடிந்தது. முட்டையும் கறியும் சிரமமே இல்லை. சிரமம் குழம்பில்தான். புளி நூறு கிராமில் அறுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து. எலுமிச்சை அளவு புளி கரைத்த குழம்பை நாலு பேர் பங்கு போட்டால் தலைக்கு மூன்று நாலு கிராம் வந்துவிடும். சின்ன வெங்காயம் பெரிய வெங்காயத்தைவிட இனிப்பு, கணக்கும் கூடுதல். துவரம்பருப்பு போட்டால் கதை முடிந்தது. ஆகவே சாம்பார் போய், மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்ட ரசமும், தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் குழம்பும் வந்தன. புளிக்குப் பதில் தக்காளி ஒன்று, இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை.

தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை போடாமல் அரைத்தால் தண்ணீர் தனியாக நிற்கும். ஊறவைத்துத் தோல் உரித்த பாதாம் நாலைந்தைத் தேங்காயோடு சேர்த்து அரைத்தேன். பொட்டுக்கடலையின் பிடிப்பு வந்துவிட்டது. ஐம்பது கிராம் தேங்காயில் நார் போக மூன்று கிராம்தான் மாவுச்சத்து, கொழுப்பு 16 கிராம். கீட்டோவுக்கென்றே செய்த மாதிரி.

காலிஃபிளவர் சோறு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். நிறையப் பேர் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு வெறுத்து விடுவது இதில்தான். பூவைப் பிரித்து, மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுப்பது நம் வழக்கம். புழு இருந்தால் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு அதைத் துணியில் பரப்பி நன்றாக உலர விட வேண்டும். ஈரத்தோடு துருவினால் கூழ்தான். மிக்ஸியில் போடுவதானால் பல்ஸில் இரண்டே சுற்று. அதற்கு மேல் போனால் மாவு. துருவியின் பெரிய கண்ணில் தேய்ப்பதுதான் எனக்குப் பிடித்தது, ஒவ்வொன்றும் சீரகச் சம்பா நீளத்துக்கு விழும். பிறகு அகலமான இரும்பு வாணலி, நல்ல தீ. கடுகு, உளுந்து கொஞ்சமே கொஞ்சம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பூவைப் போட்டு மூடாமல் கிளற வேண்டும். மூடினால் அதன் ஆவியே அதை வேகவைத்துக் குழைத்துவிடும். உப்பு கடைசியில், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். நாலு நிமிடத்தில் இறக்கி எலுமிச்சை பிழிந்தால் எலுமிச்சைச் சாதத்துக்கு மாமன் மகன் மாதிரி ஒன்று கிடைக்கும். கால் கிலோ பூவுக்கு நார் போக ஏழெட்டு கிராம்தான் மாவுச்சத்து. தயிர்ச் சாதம் மாதிரியும் செய்து பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கறிக்கடையில் ஒரு வேடிக்கை. "கொழுப்போடயே போடுங்கண்ணே" என்றதற்கு அவர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எல்லாரும் கொழுப்பை எடுத்துரு எடுத்துருன்னு உசிர வாங்குறாங்க, நீங்க ஒருத்தர்தான் கேட்டு வாங்குறீக." நல்லி எலும்பையும் சேர்த்துப் போட்டார், சூப்புக்கு.

அந்த சூப் பின்னால் கை கொடுத்தது. மூன்றாம் நாள் போல தலைவலி, எழுந்து நின்றால் லேசாகக் கிறுகிறுப்பு, ராத்திரி கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தது. கீட்டோ காய்ச்சல் என்று இதற்குப் பெயர். காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காது, தண்ணீரோடு வெளியே தள்ளும். கல்லீரலில் நூறு கிராம், தசைகளில் நானூறு கிராம் சுமார் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போகும். முதல் வாரத்திலேயே எடை சரசரவென்று இறங்குவதாக எல்லோரும் காட்டும் படங்களின் ரகசியம் இதுதான். எனக்கும் முதல் வாரத்தில் இரண்டு கிலோவுக்குக் கிட்டப் போனது. அதில் கொழுப்பு எவ்வளவு என்று கேட்டால் சிரிப்புதான் வரும்.

இதற்கு மருந்து உப்பு. காலையில் ஒரு டம்ளர் நீர் மோர், மாலையில் ஒரு கிண்ணம் எலும்பு சூப், இரண்டிலும் சேர்த்து அரை ஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு. இரண்டு நாளில் தலைவலி போய்விட்டது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் பார்த்து உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு மாத்திரையின் அளவையே டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும். பொட்டாசியத்துக்கு இளநீர் குடிக்கலாமே என்று தோன்றும். ஒரு காயில் எட்டு ஒன்பது கிராம் சர்க்கரை வந்துவிடும் என்பதால் அரைக்கீரையையும் சிறுகீரையையும் பிடித்துக்கொண்டேன். கீரையும் அவரைக்காயும் இல்லையென்றால் மலச்சிக்கல் உறுதி.

மாவுச்சத்து இல்லாதபோது கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்யும் எரிபொருள் கீட்டோன். அது வருகிறதா என்று பார்க்கச் சிறுநீர் ஸ்ட்ரிப் வாங்கினேன். முனையில் உள்ள பட்டை கீட்டோனைப் பார்த்ததும் வெளிர் நிறத்திலிருந்து கத்திரிப்பூ நிறத்துக்குப் போகும். முதல் பத்து நாள் நன்றாக நிறம் ஏறியது. பிறகு வெளுத்துக்கொண்டே வந்தது. கீட்டோ விட்டுப்போயிற்றோ என்று பயப்படத் தேவையில்லை. அந்த ஸ்ட்ரிப் பார்ப்பது கீட்டோன்களில் அசிட்டோஅசிடேட் என்ற ஒன்றை மட்டும். ரத்தத்தில் அதிகமாக ஓடும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டை அது பார்ப்பதே இல்லை. நாள் போகப் போக உடம்பு கீட்டோனைச் சிறுநீரில் வீணாக்குவதும் குறைகிறது. விரலில் குத்திப் பார்க்கும் ரத்த கீட்டோன் மீட்டரில் 0.9, 1.3 என்று வந்தது. 0.5-இலிருந்து 3 வரை இந்த உணவுமுறையில் எதிர்பார்க்கக் கூடியது. டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்தாக வரும், கீட்டோன் பெருகி ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸில் இது பத்தையும் தாண்டிப் போகலாம். அங்கே இன்சுலினே இல்லாததால் கடிவாளம் இல்லை. அந்த மீட்டர் ஸ்ட்ரிப் விலை கட்டுப்படியாகாது, ஒரு டப்பாவோடு நிறுத்திக்கொண்டேன். மலிவான மீட்டர் வீட்டிலேயே இருந்தது. "என்னங்க, பக்கத்துல வந்தா நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி மாதிரி வாசம் வருது" என்றாள் மனைவி. அசிட்டோன். அதே பொருள்தான், மூச்சில் வருகிறது.

அம்மாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவே இல்லை. "சோறு திங்காத உடம்பு என்னத்துக்குடா ஆகும்? ஆஸ்பத்திரியில கூட கஞ்சி குடுப்பாக." தட்டில் நெய் மிதப்பதைப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பாவுக்கு இதத்தான வேணாம்னாங்க" என்றும் சொன்னார்.

இனி மூன்று கேள்விகள். மதியத் தூக்கம் இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிட்டது. சந்தேகமே இல்லாமல் நின்றது. மூன்று மணிக்கு எழுந்து டீக்கடைக்கு நடக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பசியும் அடங்கியது, காலை முட்டைக்குப் பிறகு மதியம் இரண்டு மணிவரை வயிறு கேட்கவில்லை. இடுப்பு மெல்ல மெல்ல 84-க்கு வந்தது, எடை 65.5. பேன்ட்டுக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

சைக்கிள் வேறு கதை சொன்னது. முதல் இரண்டு மூன்று ஞாயிறு காலில் உயிரே இல்லை. அது போகும் என்று படித்திருந்தேன், போகவும் செய்தது. ஒரு மாதம் கழித்து நத்தம் ரோட்டில் சமதளத்தில் இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரோடு போய் வர முடிந்தது. முன்பெல்லாம் நடுவில் எதையாவது சாப்பிடாமல் முடியாது. சிறுமலை ஏற்றத்தில் மட்டும் அந்தப் பழைய கால் திரும்பவே இல்லை. ஐந்தாவது ஆறாவது வளைவில் வழக்கமாக எழுந்து நின்று மிதிப்பேன். நின்றால் நாலு மிதிக்கு மேல் மூச்சு முட்டியது, திரும்ப உட்கார்ந்து சின்ன கியருக்கு மாற்ற வேண்டியிருந்தது. மேலே போய்ச் சேரும் நேரம் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள் கூடுதல். எடை நாலு கிலோ குறைந்திருக்கும்போது ஏற்றம் லேசாக வேண்டும், கனமாகிறது.

காரணம் தெரிந்ததுதான். ஒரே அளவு சக்திக்குக் கொழுப்பை எரிக்க, சர்க்கரையை எரிப்பதைவிடக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். மூச்சு எட்டிப்பிடிக்கிற வேகத்தில் அது கணக்கில் வராது. மூச்சே எல்லையாக இருக்கும் ஏற்றத்தில் வரும். ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத் தர நடைப்போட்டி வீரர்களை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இதையே பார்த்தார்கள். கொழுப்பை எரிக்கும் திறன் பல மடங்கு கூடியது. ஆனால் அதே வேகத்துக்கு ஆக்சிஜன் செலவும் கூடி, போட்டி நேரம் முன்னேறாமல் போனது. நான் வீரன் கிடையாது. இருந்தாலும் வாரத்தில் எனக்குப் பிடித்த அந்த இரண்டு மணி நேரம் இப்படி ஆவது எனக்குச் சின்ன விலையாகப் படவில்லை.

ஆறேழு வாரம் ஆனதும் ரத்தம் கொடுத்தேன். ட்ரைகிளிசரைடு 138-இலிருந்து 74. எச்.டி.எல். 42-இலிருந்து 49. ஏ1சி 5.2. இந்த மூன்றைப் பார்த்தால் மாலை போட்டுக்கொள்ளலாம். எல்.டி.எல். 171. யூரிக் ஆசிட் 6.1-இலிருந்து 7.4.

யூரிக் ஆசிட் ஆரம்ப வாரங்களில் ஏறுவது வழக்கம், கீட்டோனும் அதுவும் சிறுநீரகத்தில் ஒரே வாசலில் வெளியேறப் போட்டி போடுகின்றன. யூரிக் ஆசிட்டால் வரும் மூட்டுவலியான கௌட் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். எனக்கு முக்கியம் எல்.டி.எல். ட்ரைகிளிசரைடு குறைந்து எச்.டி.எல். கூடினால் எல்.டி.எல்.லைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பல கீட்டோ அன்பர்கள் சொல்வார்கள். அதை நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் எல்.டி.எல். ரத்தக்குழாய் அடைப்புக்கு நேரடிக் காரணம் என்பதற்கு மரபணு ஆய்வு, மருந்து ஆய்வு என்று எல்லாப் பக்கமும் சாட்சி இருக்கிறது. அப்பாவின் ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு அதை ஒதுக்க நான் தயாராக இல்லை. இன்னொன்றும் உண்டு. இந்த ஏற்றம் பருமனானவர்களைவிட என் போன்ற பருமன் இல்லாத உடம்புக்காரர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பருத்த உடம்பில் பல நேரம் ஏறாமலேயே இருக்கிறது. கீட்டோவில் நோயாளிக்குக் கிடைக்கிற லாபம் ஆரோக்கியமானவனுக்குக் கிடைப்பதில்லை என்பதோடு, இந்தச் செலவு அவனுக்கே கூடுதலாக விழுகிறது.

முன்பே எழுதி வைத்தபடி எண்ணெயை மாற்றினேன். நெய்யில் ஏறக்குறைய அறுபது சதவீதமும் தேங்காய் எண்ணெயில் அதைவிட வெகு அதிகமாகவும் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இருபது சதவீதத்துக்குள். தாளிப்பு, பொரியல், ஆம்லெட் எல்லாம் நல்லெண்ணெய்க்கு மாறின. கொழுப்புக் கறிக்குப் பதில் கோழியும், மத்தி கிடைக்கிற நாளில் மத்தியும். கையில் கொறிக்க நிலக்கடலை, அளந்து. தேங்காயைப் பாதியாக்கினேன். ஒன்றரை மாதம் கழித்து எல்.டி.எல். 149. நல்ல இறக்கம்தான்; ஆனாலும் ஆரம்பித்த 112-க்குப் பக்கத்தில் இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இதுல என்ன வேணும்?" என்று கேட்டார். மதியத் தூக்கம் வராமல் இருப்பதும் இடுப்பும் என்றேன். "அதுக்கு முப்பது கிராம்தான் வேணுமான்னு பாருங்க" என்றார்.

அதனால் இரண்டாம் பாகம். கீட்டோவை விட்டுவிட்டு, மாவுச்சத்தை நாளைக்கு 120, 130 கிராம் அளவில் வைத்தேன். கீட்டோன் கிட்டத்தட்ட வராத அளவு. மற்றதெல்லாம் அப்படியே: சீனி போட்ட டீ கிடையாது, காலையில் முட்டை, மதியம் முதலில் பொரியலும் முட்டையோ கறியோ, பிறகு ஒரு கரண்டி சோறு, ராத்திரி இரண்டு தோசை அல்லது கறி. அரிசியை நிறுத்துப் பார்த்தால் மதியத்துக்கு 50 கிராம். சாம்பார் திரும்ப வந்தது. அம்மா முகமும் தெளிந்தது.

மதியத் தூக்கம் திரும்பி வரவில்லை! எனக்கு மிகப் பெரிய செய்தி இதுதான். மூன்று மணிச் சொக்கலைப் போக்கியது கீட்டோன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போக்கியது தட்டில் இல்லாமல் போன நூறு கிராம் அரிசி. பசி மட்டும் கீட்டோவில் இருந்த அளவுக்கு அடங்கவில்லை. பதினொன்றரைக்கு வயிறு கேட்கத்தான் செய்கிறது. இடுப்பு 85-இல் நின்றது. எடை முதல் வாரத்திலேயே ஒன்றரை கிலோ கூடி அங்கேயே நிற்கிறது; போன தண்ணீர் திரும்ப வந்தது, அதற்கு அழ வேண்டியதில்லை. சிறுமலையில் ஏறும் நேரம் இரண்டே வாரத்தில் பழைய கணக்குக்கு வந்தது, எடை குறைந்ததால் அதற்கும் கொஞ்சம் கீழே. மூன்று மாதம் கழித்துக் கொடுத்த ரத்தத்தில் எல்.டி.எல். 118, ட்ரைகிளிசரைடு 96, எச்.டி.எல். 46, யூரிக் ஆசிட் 6.

எடை குறைப்பைப் பற்றியும் பெரிய ஆய்வுகள் இதே தொனியில்தான் பேசுகின்றன. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 2018-இல் வந்த ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே முடிவு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2021-இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். இருபது பேரை வார்டிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கீட்டோ, இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். தாவர உணவின்போது ஆட்கள் தாமாகவே நாளைக்கு 700 கலோரி அளவுக்குக் குறைவாகச் சாப்பிட்டார்கள். கீட்டோவில் இருந்தபோது சர்க்கரையும் இன்சுலினும் குறைவாக இருந்தன. அவரவர் உடம்புக்கு எது தேவையோ அதைப் பார்த்து எடுக்கலாம்.

இடையில் ஒரு பிரியாணி. சொந்தக்காரர் வீட்டு விசேஷம், திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணியைத் தொடாமல் எழுந்து வந்தால் உறவு முறிந்துவிடும். கீட்டோவில் இருக்கும்போதே ஒரு தட்டு சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அப்பாவின் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்தினேன். 183! ஆயுளில் நான் பார்க்காத எண். இரண்டாம் பாகத்தில் இருக்கும்போது அதே அளவுப் பிரியாணிக்கு 140-ஐ ஒட்டித்தான் வந்தது. வாரக் கணக்கில் மாவுச்சத்தே காணாத தசைகள் கொழுப்புக்குப் பழகி, திடீரென்று வரும் சர்க்கரையை உடனே வாங்கிக்கொள்வதில்லை. இது சர்க்கரை நோய் அல்ல, சில நாளில் மாறிவிடும். ஆனால் கீட்டோவில் இருக்கும்போது வேலைக்கோ இன்ஷூரன்ஸுக்கோ குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனைக்குப் போனால் சர்க்கரை நோயாளி என்று சீட்டு எழுதிவிடக் கூடும். அந்தப் பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி. லேப்பில் யாரும் இதைக் கேட்பதில்லை, நாமாகச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறோ கணைய அழற்சியோ வந்தவர்கள் இந்த விளையாட்டுக்கே வர வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மார்கள் கடுமையான கீட்டோவில் அசிடோசிஸ் வந்து அட்மிட் ஆன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

என் மேஜைக்குப் பக்கத்து மேஜை அண்ணன் ஒருவர், சுகர் வந்து ஐந்தாறு வருஷம் ஆனவர், என் பெல்ட்டைப் பார்த்துவிட்டுத் தானும் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிப்பதாகச் சொன்னார். மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். ஒன்று கிளிமிபிரைடு, இன்னொன்று டாபாக்ளிஃப்ளோசின். முதலாவதைப் போட்டுக்கொண்டு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இரண்டாவது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை. அதோடு கீட்டோ சேர்ந்தால், ரத்தத்தில் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும்; மீட்டர் காட்டிக்கொடுக்காது. டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் டாக்டர் கிளிமிபிரைடின் அளவைக் குறைத்து, டாபாக்ளிஃப்ளோசினோடு கீட்டோ கூடவே கூடாது, சோற்றைப் பாதியாக்கினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது இரண்டு பேரும் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு கரண்டிச் சோற்றை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறோம். அவர் கரண்டி கொஞ்சம் பெரிசு.